நேரலையில் ஒரு மணி நேரப் பாடம்: இப்படியே விடலாமா, பதிவு செய்து கொடுக்கலாமா?

#1 வேதியியல்மேசை

வணக்கம். கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். அடுத்த பருவத்திலிருந்து எங்கள் துறையின் இரண்டு தாள்கள் தொலைதூர மாணவர்களுக்கும் போகப்போகின்றன. வகுப்பறையில் நடக்கிற ஒரு மணி நேரப் பாடத்தைக் கேமரா வைத்து அப்படியே நேரலையில் விட்டுவிடலாம் என்பது இப்போதைய ஏற்பாடு. ஒத்திகையாக மூன்று வகுப்பு நடத்திப் பார்த்தேன். மனசுக்கு ஒப்பவில்லை.

முதல் வகுப்பில் தாங்கல் கரைசலின் (அமிலமோ காரமோ கொஞ்சம் சேர்ந்தாலும் அமிலத்தன்மை அதிகம் மாறாத கரைசல்) அமிலத்தன்மையைக் கணக்கிடும் ஹெண்டர்சன் சமன்பாட்டை வருவித்துக்கொண்டிருந்தேன். ஒரு வரி முடித்ததும் "புரிந்ததா?" என்று கேட்டுவிட்டு ஐந்து வினாடி காத்திருந்தேன். அரட்டைப் பெட்டியில் ஒரு அசைவும் இல்லை. சரி என்று அடுத்த வரிக்குப் போய்ப் பாதிப் பலகை எழுதிய பிறகு "புரியவில்லை மேடம்" என்று ஏழு பேர் வரிசையாக வந்தார்கள். எந்த வரி புரியவில்லை என்று அவர்களைக் கேட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் வருவதற்குள் நான் வேறு எங்கோ இருந்தேன்.

இரண்டாவது, தரம் பார்த்தல் (டைட்ரேஷன்). கூம்புக்குடுவையில் இருந்த அமிலத்தில் நிறம்காட்டியான பினாப்தலீன் போட்டு, பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாகக் காரம் விட்டேன். வெளிர் இளஞ்சிவப்பு வந்து நிற்கிற அந்த ஒரு சொட்டைக் காட்டுவதற்குத்தான் இவ்வளவும். பதிவை அப்புறம் போட்டுப் பார்த்தால் குடுவை முதலில் சாம்பல் நிறமாக இருக்கிறது, பிறகு நேராக அடர்சிவப்புக்குத் தாவுகிறது. முடிவுநிலை என்று ஒன்று அந்தப் படத்தில் இல்லவே இல்லை.

இதில் எனக்கு ஒரு வழி சொல்லுங்கள். கருவி வாங்குவது, மென்பொருள் மாற்றுவது எல்லாம் அடுத்த கதை. முதலில், இந்த நேரலை முறையே சரிதானா?

#2 கம்பியும்அலையும்

வலைப்பின்னல் வேலைதான் எனக்கு. முதல் சிக்கலுக்கு நான் பதில் சொல்கிறேன்.

நீங்கள் கேட்ட "புரிந்ததா?" மாணவர்களுக்கு அந்த ஐந்து வினாடிக்குள் போய்ச் சேர்ந்திருக்கவே வாய்ப்பில்லை. பொதுவான நேரலை தளங்கள் பெரும்பாலும் ஆப்பிள் 2009-இல் கொண்டுவந்த ஹெச்.எல்.எஸ். முறையிலோ, 2012-இல் தரமாக வெளியான எம்பெக்-டாஷ் முறையிலோ ஓடுகின்றன. இரண்டும் வீடியோவைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, சாதாரண இணையப் பக்கத்தை அனுப்புவது போலவே அனுப்பும். ஒரு துண்டு 6 வினாடி என்று வையுங்கள். முதலில் அந்தத் துண்டு முழுதாக உருவாக வேண்டும், சர்வருக்குப் போக வேண்டும், மாணவரின் போனில் இரண்டு மூன்று துண்டு சேர வேண்டும். அதற்குப் பிறகுதான் படம் ஓடத் தொடங்கும். மொத்தத்தில் 20 முதல் 30 வினாடி பின்தங்கும். மாணவர் தட்டச்சு செய்கிற நேரம் தனி. அந்த ஏழு பேரும் உடனேதான் பதில் எழுதினார்கள். உங்கள் கேள்விதான் அவர்களிடம் தாமதமாகப் போனது.

ஆனால் இந்தத் தாமதம் சும்மா வருவதில்லை. சிக்னல் நடுவில் பத்து வினாடி போனாலும் படம் நிற்காமல் ஓடுவது அந்தச் சேமிப்பினால்தான். ஆயிரக்கணக்கான பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்ப முடிவதும் இந்தத் துண்டு முறையால்தான்.

வீடியோ அழைப்பு மென்பொருள்களின் அடியில் இருக்கும் வெப்ஆர்டிசி வேறு வகை. தாமதம் அரை வினாடிக்குள் அடங்கும், பேச்சு பேச்சாக இருக்கும். சேமிப்பு இல்லாததால் இணைப்பு கொஞ்சம் தடுமாறினாலும் குரல் உடையும். முப்பது பேர் கேமராவையும் திறந்து வைத்தால் பழைய போன்கள் சூடேறித் திணறும்.

ஆகவே மேடம், ஒரு வழியாக மட்டும் போகிற பாடத்துக்கு முதல் வகை, கேள்வி பதிலுக்கு இரண்டாவது வகை. உங்கள் நிர்வாகம் இரண்டையும் ஒரே குழாயில் விடப் பார்க்கிறது.

சில தளங்களில் தாமதத்தைக் குறைக்கும் அமைப்பு உண்டு, யூடியூப் நேரலையிலும் இருக்கிறது. குறைத்தால் பஃபரிங் கூடும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

#3 இரவுப்பேருந்து

மேடம், நான் தொலைதூரக் கல்வியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், பகலில் வேலை. மாணவன் பக்கத்தையும் கேளுங்கள்.

நேரலை வகுப்பு எங்களுக்கு ஓடுகிற வண்டி மாதிரி. ஏறினால் ஏறியதுதான். நடுவில் சிக்னல் போய் நான்கு நிமிடம் கழித்துத் திரும்பி வந்தால் பலகையில் அழித்துவிட்டு வேறு கணக்கு ஓடுகிறது. அதற்குப் பிறகு மீதி நாற்பது நிமிடமும் கேட்பது போல உட்கார்ந்திருப்பேன், மண்டையில் ஏறாது. வருகைப்பதிவில் மட்டும் "வந்தார்" என்று இருக்கும்.

பதிவு என்றால் தரவிறக்கி வைத்துக்கொள்வேன். வேலைக்குப் போகும்போது ஒரு முறை காதில் கேட்பேன். ராத்திரி நோட்டு வைத்துக்கொண்டு நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன். தெரிந்த இடம் என்றால் ஒன்றரை மடங்கு வேகம், தெரியாத இடம் என்றால் பத்துத் தடவை பின்னால் இழுப்பேன். வகுப்பில் உட்கார்ந்து "சார், அந்த வரியை இன்னொரு தரம்" என்று பத்துத் தடவை என்னால் கேட்க முடியாது.

டேட்டாவையும் மறக்க வேண்டாம். மாதக் கடைசியில் எது மிச்சம் என்று பார்த்துத்தான் வகுப்புக்கே வருகிறோம்.

#4 ஆறாம்வகுப்பு

பள்ளி ஆசிரியை. தம்பி சொல்வது வளர்ந்தவர்களுக்குப் பொருந்தும். என் பிள்ளைகளுக்குப் பதினொரு வயது. பதிவை அனுப்பி "பார்த்துவிடுங்கள்" என்றால் பார்க்க மாட்டார்கள், அதில் அவர்கள் தப்பு ஒன்றும் இல்லை. அந்த வயதில் தன்னைத்தானே நாற்காலியில் உட்கார வைத்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் வந்திருக்காது. காலை ஒன்பது மணிக்கு ஒரு முகம் திரையில் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். "உன் நோட்டைக் காட்டு" என்று சொல்ல வேண்டும்.

2020-இல் பள்ளிகள் மூடியபோது உலகம் முழுவதும் 150 கோடிக்கு மேற்பட்ட மாணவர்கள் வீட்டில் இருந்தார்கள் என்று யுனெஸ்கோ கணக்கிட்டது. அந்த மாதங்களில் நான் இரண்டையும் செய்து பார்த்தேன். நன்றாகப் படிக்கிற, வீட்டில் கவனிக்க ஆள் இருக்கிற பிள்ளை பதிவிலும் படித்தது. மற்றப் பிள்ளைகளை நேரலையில்தான் பிடித்து வைக்க முடிந்தது. அதிலும் நாற்பது பேரை ஒன்றாகக் கூட்டினால் ஒன்றும் நடக்காது. எட்டு எட்டாகப் பிரித்து இருபது நிமிடம் நடத்தினேன். எனக்கு வேலை ஐந்து மடங்கு, ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் தினம் ஒரு தரமாவது வாய் திறந்தது.

அதனால் பதிவுதான் நல்லது என்று பொதுவாக யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

#5 இரவுப்பேருந்து

டீச்சர் சொல்வது சரி. வயதை நான் யோசிக்கவில்லை.

#6 குறிப்பேடு

ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறேன். இந்த விஷயத்தில் ஆய்வுகள் சில உண்டு, நம் பேச்சுக்கு நேரடியாகப் பயன்படுகிற இரண்டை மட்டும் சொல்கிறேன்.

2014-இல் பிலிப் குவோவும் உடன் இருந்தவர்களும் எட்எக்ஸ் என்கிற இணையப் பாடத் தளத்தில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை அலசினார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் அதில் நிலைத்திருந்த நேரத்தின் இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. இதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது அதே ஆய்வில் இருக்கும் இன்னொரு முடிவு. வகுப்பறையில் நடந்த பாடத்தைப் படம் பிடித்து, பிறகு துண்டு துண்டாக வெட்டிப் போட்டாலும், இணையத்துக்கென்றே திட்டமிட்டு எடுத்த வீடியோ அளவுக்கு அது ஆளைப் பிடித்து வைக்கவில்லை. மேடத்தின் நிர்வாகம் செய்ய நினைப்பது அந்த முதல் வேலையைத்தான். வகுப்பில் இருப்பவர்களைப் பார்த்துப் பேசும் பேச்சு வேறு, தனியாக ஒரு போனைப் பிடித்துக்கொண்டு இருப்பவரிடம் பேசும் பேச்சு வேறு.

ஆனால் ஒரு எச்சரிக்கை. அந்த ஆறு நிமிடம் பார்த்த நேரத்தின் கணக்கு, கற்றுக்கொண்டதன் கணக்கு இல்லை. எட்எக்ஸ் போன்ற இலவசப் பாடங்களுக்கு எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்களும் நிறைய வருவார்கள். தேர்வு எழுதியாக வேண்டிய மாணவர் பதினைந்து நிமிடம்கூட உட்காருவார்.

இரண்டாவது, 2013-இல் ஷ்புனார், கான், ஷாக்டர் மூவரும் செய்தது. 21 நிமிட இணையப் புள்ளியியல் பாடம் ஒன்றை நான்கு பகுதியாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் ஒரு குழுவுக்குச் சின்னத் தேர்வு வைத்தார்கள். அந்தக் குழுவுக்குப் பாதியில் கவனம் சிதறுவது குறைந்தது, குறிப்பெடுப்பது கூடியது, கடைசித் தேர்விலும் அவர்களே நன்றாகச் செய்தார்கள். வீடியோவைச் சின்னதாக்கினால் மட்டும் போதாது, ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் மாணவரின் கை ஏதாவது எழுத வேண்டும். கல்லூரியில் மூடில் என்கிற இணையவழிப் பாடத் தளம் வைத்திருக்கிறீர்கள் என்றால் ஹெச்5பி என்கிற கருவியை வைத்து வீடியோவை நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்க வைக்கலாம்.

#7 உதட்டசைவு

எனக்குக் காது பாதிதான் கேட்கும். யாரும் இன்னும் சொல்லாததால் எழுதுகிறேன்.

கேமரா வகுப்பின் பின்னால் இருந்தால் ஆசிரியரின் உதடு எனக்குத் தெரியாது. பலகையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு பேசினால் ஒரு சொல்கூட வராது. அதனால் எழுத்துவரிகள் (சப்டைட்டில்) இல்லாத வீடியோ எனக்கு ஊமைப்படம். தானாக ஓடும் எழுத்துவரிகளை நம்பலாம் என்று நினைப்பீர்கள். அன்றாடப் பேச்சில் ஓரளவு வரும், கலைச்சொல் வந்த இடத்தில் காலை வாரிவிடும். "காரம்" என்பது "காரணம்" ஆகிவிடும். வேதியியலில் அந்த ஒரு சொல் மாறினால் வரியே பொருள் மாறிப்போகும்.

இணைய உள்ளடக்கத்துக்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. நெறிமுறையில் பதிவு செய்த வீடியோவுக்கு எழுத்துவரிகள் வேண்டும் என்பது அடிப்படையான முதல் நிலையிலேயே இருக்கிறது. நேரலைக்கு அது அடுத்த நிலை. இதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் என்ன ஆகும் என்பதற்கு பெர்க்லி பல்கலைக்கழகம் இருக்கிறது. எழுத்துவரிகள் முதலான வசதிகள் இல்லை என்று காது கேளாதவர்கள் முறையிட்டார்கள். அமெரிக்க நீதித்துறை 2016-இல் அதை ஒப்புக்கொண்டது. 2017-இல் பல்கலைக்கழகம் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பாடப் பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்தே எடுத்துவிட்டது. எங்களுக்கும் கிடைக்கவில்லை, மற்றவர்களுக்கும் இல்லாமல் போயிற்று. அந்தச் செய்தியை இப்போது நினைத்தாலும் எனக்கு வருத்தம்தான்.

மேடம் வீடியோவுக்கு முன்னால் பேசப்போவதை எழுதி வைத்துக்கொள்வீர்கள் என்றால் அந்தத் தாளைக் கொடுத்தாலே போதும், பாதி வேலை முடிந்த மாதிரி. பத்து நிமிடப் பேச்சைத் திருத்துவது பெரிய வேலை இல்லை. ஒரு மணி நேர நேரலையை யாரும் உட்கார்ந்து திருத்த மாட்டார்கள்.

#8 வேதியியல்மேசை

உதட்டசைவு, உங்களுக்கு நன்றி. பலகையைப் பார்த்துக்கொண்டு பேசும் பழக்கம் எனக்கு இருக்கிறது. இத்தனை வருடத்தில் யாரும் சொன்னதில்லை.

எழுதி வைத்துப் பேசினால் வாசிப்பது போல ஆகிவிடுமோ என்ற பயம் மட்டும் இருக்கிறது. அப்புறம் அந்தக் குடுவைக்கு யாராவது வழி சொல்லுங்கள்.

#9 மூன்றுகால்

குடுவைக்கு நான். ஆய்வகச் செய்முறைகளைப் படம் பிடிப்பது என் வேலையில் ஒரு பகுதி.

உங்கள் கேமரா தானாகவே வெள்ளைச் சமநிலையை, அதாவது வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறங்களைச் சரிசெய்யும் அமைப்பை, மாற்றிக்கொண்டிருக்கிறது. குடுவை லேசாகச் சிவக்கும்போது "படத்தில் சிவப்பு கூடிவிட்டது, குறைப்போம்" என்று அது நினைத்துக்கொண்டு சாம்பலாக்கிவிடும். போன் கேமராவில் வெள்ளைச் சமநிலை, வெளிச்சம், குவியம் (ஃபோகஸ்) மூன்றையும் பூட்டும் வசதியைத் தேடுங்கள். குடுவைக்குப் பின்னாலும் அடியிலும் வெள்ளைத் தாள் வையுங்கள், அந்தத் தாளைப் பார்த்துப் பூட்டுங்கள். அப்புறம் நெருங்கிப் போங்கள். குடுவை திரையின் பாதியாவது இருக்க வேண்டும். முழு மேசையும் உங்கள் முகமும் பியூரெட்டும் குடுவையும் ஒரே சட்டத்தில் இருந்தால் அந்த ஒரு சொட்டுக்குக் கிடைப்பது விரலளவு இடம்தான். குறைந்த பிட்ரேட்டில் (நொடிக்கு அனுப்பும் தரவின் அளவு) அதை வீடியோச் சுருக்கம் அள்ளிக்கொண்டு போய்விடும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. வழக்கமான வீடியோச் சுருக்கத்தில் வெளிச்ச விவரம் முழுசாகப் போகும், நிற விவரம் நான்கில் ஒரு பங்கு நுணுக்கத்தில்தான் போகும். அதனால் நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து எழுதினால் ஓரம் எல்லாம் கரைந்து தெரியும். கருப்பு வெள்ளை எழுத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஸ்லைடு போடும்போது நினைவில் வையுங்கள்.

ஒலியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், படத்தைவிட அதுதான் முக்கியம். படம் மங்கினால் மாணவர் பொறுத்துக்கொள்வார், குரல் உடைந்தால் மூடிவிட்டுப் போய்விடுவார். விலை உயர்ந்த மைக் தேவையில்லை. சட்டையில் குத்துகிற சாதாரண மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தால், நான்கு மீட்டர் தள்ளி இருக்கும் நல்ல மைக்கைவிட மேல். மின்விசிறியை நிறுத்துங்கள், திரைச்சீலை இருக்கும் அறையில் உட்காருங்கள்.

வாசிப்பது போல ஆகிவிடும் என்றீர்களே, வரிகளை எழுதாதீர்கள். சமன்பாடுகளையும் ஒவ்வொன்றுக்கும் முதல் வாக்கியத்தையும் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். மீதியைப் பேசுங்கள். பதிவு முடிந்த பிறகு தானாக வந்த எழுத்துவரிகளைத் திருத்துங்கள்.

#10 பழையமாணவர்

அறுபது கடந்தவன். அஞ்சல்வழியில் பட்டம் வாங்கினேன். நேரலையா பதிவா என்பது புதுக் கேள்வி இல்லை என்று சொல்ல வந்தேன்.

பிரிட்டனின் ஓப்பன் யுனிவர்சிட்டி 1969-இல் தொடங்கி 1971-இல் முதல் மாணவர்களைச் சேர்த்தபோது பிபிசி வழியாகத்தான் பாடங்களை ஒளிபரப்பியது. ஒளிபரப்பு நேரத்தைத் தவறவிட்டால் போயிற்று, இரவுப்பேருந்து சொன்ன அதே வண்டி. வீட்டுக்கு வீடு வீடியோ ரெக்கார்டர் வந்த பிறகுதான் மாணவர் தன் நேரத்துக்குப் பார்க்க முடிந்தது. 2006-இல் பாட ஒளிபரப்பையே நிறுத்திவிட்டார்கள். பல்கலைக்கழகம் நிற்கவில்லை, நன்றாகவே நடக்கிறது. காரணம், ஒளிபரப்பு அவர்களின் பாடத்தில் ஒரு துண்டு மட்டும். அச்சிட்ட பாடநூல் இருந்தது, வீட்டுக்கே வந்த ஆய்வகப் பெட்டி இருந்தது, கோடைப் பள்ளி இருந்தது. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பயிற்றுநர் இருந்து, விடைத்தாளைத் திருத்தி ஓரத்தில் எழுதி அனுப்பினார்.

எனக்கும் அப்படித்தான். என் விடைத்தாள் ஒன்றின் ஓரத்தில் சிவப்பு மையில் "இந்த முடிவுக்கு எப்படி வந்தீர்கள்? நடுவில் ஒரு படி விட்டுப்போயிருக்கிறது" என்று எழுதி வந்தது. முப்பத்தைந்து வருடம் ஆகிறது, அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. பார்த்த பாடங்களில் எதுவும் இந்த அளவுக்கு நினைவில் இல்லை.

மேடம், வீடியோவை எப்படி வேண்டுமானாலும் அனுப்புங்கள். அந்தச் சிவப்பு மைக்கு நேரம் ஒதுக்கிவிட்டு மிச்ச நேரத்தில் அதைச் செய்யுங்கள்.

#11 கம்பியும்அலையும்

டேட்டாவை மறக்க வேண்டாம் என்று இரவுப்பேருந்து சொன்னார், அதற்கான கணக்கு இது. நொடிக்கு 15 லட்சம் பிட், அதாவது 1.5 மெகாபிட்டில் ஒரு மணி நேரம் ஓடினால் 675 மெகாபைட் ஆகும். ஸ்லைடும் குரலும் மட்டும் என்றால் மொத்தம் 300 கிலோபிட் போதும், மணிக்கு 135 மெகாபைட். ஸ்லைடு அசையாது, அதனால் நொடிக்கு ஐந்து பத்து படச்சட்டம் (ஃப்ரேம்) போதும், எழுத்து தெளிவாகவே இருக்கும். குரல் மட்டும் 64 கிலோபிட்டில் கொடுத்தால் 29 மெகாபைட். இந்த மூன்றாவதைத் தனியாக ஒரு கோப்பாகவே கொடுங்கள். இரவுப்பேருந்து போலக் காதில் கேட்கிறவர்களுக்கு அது போதும்.

கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்கும் முறை, எதற்கும் ஹெச்.264 வையுங்கள். ஏவி1 என்கிற புதிய முறை இன்னும் சிறிதாக்கும் என்பது உண்மைதான், ஆனால் பழைய போன்களில் அதற்கான வன்பொருள் இல்லை, பேட்டரியைக் குடித்துவிடும்.

இணைப்பே இல்லாத பள்ளிகளுக்கு கொலிப்ரி என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. சின்னக் கணினி ஒன்றில் பாடங்களை ஏற்றி வைத்தால், இணையம் இல்லாமலே பள்ளிக்குள் இருக்கும் வைஃபையில் எல்லாப் பிள்ளைகளும் பார்க்கலாம். நாற்பது பேர் ஒரே நேரத்தில் ஒரே வீடியோவை வெளியிலிருந்து இழுத்தால் எந்தப் பள்ளி இணைப்பும் படுத்துவிடும். ஒரு தரம் இறக்கி உள்ளே பரிமாறுவதுதான் வழி.

#12 ஆறாம்வகுப்பு

கொலிப்ரி எனக்குத் தெரியாது. இந்த வாரமே பார்க்கிறேன்.

ஒரு கேள்வி. மாணவர் கேமராவைக் கட்டாயம் திறக்க வேண்டும் என்று எங்களிடம் விதி இருக்கிறது. நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்?

#13 இரவுப்பேருந்து

டீச்சர், தயவுசெய்து கட்டாயப்படுத்தாதீர்கள். ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கும் வீட்டில் என் பின்னால் யார் துணி மாற்றுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே பாடம் கேட்க முடியாது. என் முகமே திரையில் எனக்குத் தெரிந்துகொண்டிருந்தால் அதையேதான் பார்க்கிறேன்.

#14 குறிப்பேடு

ஸ்டான்போர்டின் ஜெரமி பெயிலன்சன் 2021-இல் வீடியோ அழைப்புச் சோர்வுக்கு நான்கு காரணம் எழுதினார். தன் முகத்தைத் தானே ஓயாமல் பார்ப்பது அதில் ஒன்று. தன் படத்தை மறைக்கும் வசதி பல மென்பொருள்களில் உண்டு, அதையாவது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

#15 ஆறாம்வகுப்பு

வீட்டு நிலவரத்தை நான் இப்படி நினைத்துப் பார்க்கவில்லை. பெயர் கூப்பிடும்போது மட்டும் குரல் கொடுத்தால் போதும் என்று மாற்றிக்கொள்கிறேன். நோட்டைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னால் எனக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

#16 வேதியியல்மேசை

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். நிர்வாகத்திடம் பேசி ஒரு தாளை மட்டும் மாற்றிக்கொண்டேன். வாரத்துக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு நிமிட வீடியோ நான்கு, ஒவ்வொன்றின் முடிவிலும் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்ப வேண்டிய ஒரு கணக்கு. நேரலை வாரம் இரண்டு முறை, பதினைந்து பேர் வீதம் அரை மணி நேரம். அதில் நான் பாடம் நடத்துவதே இல்லை, அவர்கள் அனுப்பிய விடைகளைத்தான் பேசுகிறோம். பழையமாணவர் ஐயா சொன்ன சிவப்பு மைக்குத்தான் என் மீதி நேரம் எல்லாம் போகிறது.

குடுவை இப்போது சிவக்கிறது. மூன்றுகால் சொன்னபடி பூட்டி, வெள்ளைத் தாள் வைத்து எடுத்தேன். அந்தச் சொட்டு விழுந்து, சுழற்றியதும் மறைந்து, அடுத்த சொட்டில் நிற்பது வரை தெரிகிறது.

சொல்ல வந்தது வேறு. ஹெண்டர்சன் வீடியோவில் மாணவர்கள் எங்கே பின்னால் இழுத்துப் பார்க்கிறார்கள் என்று தளம் ஒரு வரைபடம் காட்டுகிறது. நான்காவது நிமிடத்தில் மலை மாதிரி ஒரு மேடு. போட்டுப் பார்த்தேன். இருபுறமும் மடக்கை எடுக்கிறேன், குறியை மாற்றுகிறேன், "எனவே" என்று சொல்லி அடுத்த வரியை எழுதுகிறேன். அமிலம் மேலேயும் உப்பு கீழேயும் இருந்த பின்னம் அந்த "எனவே"யில் தலைகீழாகி, கழித்தல் கூட்டலாகிவிட்டது. பல வருடமாக அதை அப்படியேதான் எழுதி வந்திருக்கிறேன். ஒத்திகையில் அந்த ஏழு பேர் கேட்டதும் இந்த வரியாகத்தான் இருக்க வேண்டும்.

அந்த நாற்பது வினாடியை மட்டும் திரும்ப எடுத்துவிட்டேன், நடுவில் இரண்டு வரி சேர்த்து. கம்பியும்அலையும், லிங்க் மாறாமல் பழையதன் இடத்தில் புதியதை வைக்க முடியுமா? எல்லோரும் லிங்க்கைக் குறித்து வைத்திருக்கிறார்கள்.

#17 கம்பியும்அலையும்

யூடியூபில் ஏற்றியிருந்தால் முடியாது மேடம், புது வீடியோவுக்குப் புது லிங்க்தான் வரும். மூடிலில் கோப்பாக வைத்திருந்தால் அந்தப் பக்கத்தின் லிங்க் அப்படியே இருக்கும், உள்ளே கோப்பை மட்டும் மாற்றலாம். ஏற்கெனவே தரவிறக்கியவர்களிடம் பழையதுதான் இருக்கும், அதனால் கோப்பின் பெயரில் "2" என்று சேர்த்துவிட்டு, எந்த நிமிடம் மாறியது என்று அறிவிப்பில் ஒரு வரி போடுங்கள். எழுத்துவரிக் கோப்பையும் மறக்காமல் மாற்றுங்கள், இரண்டு வரி சேர்ந்ததால் அதற்குப் பிறகு எல்லா நேரமும் தள்ளிப்போயிருக்கும்.

#18 உதட்டசைவு

கடைசி வரிக்கு நன்றி. அதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.